240இசட்டுக்கு எந்த எஞ்சின்? எல்24 முதல் எல்28 டர்போ வரை

எழுபதுகளின் ஸ்போர்ட்ஸ் காரான டாட்சன் 240இசட் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் குழப்பம் வரும்: உள்ளே இருக்கிற எல்24 எஞ்சினையே பிரித்துச் சரிசெய்து ஓட்டுவதா, பெரிய எல்28 ஒன்றைத் தேடி மாட்டுவதா? இது பாதிக் கேள்விதான். நிஸ்ஸானின் எல் வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினில் பிளாக் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதி) ஒரு முடிவு, ஹெட் (அதன்மேல் உட்காரும், வால்வுகள் உள்ள மூடி) தனி முடிவு. 1969-ல் வந்த ஹெட் 1983-ல் வந்த பிளாக்கில் ஒழுங்காக உட்காரும், போல்ட்டும் ஏறும். அதுதான் வம்பே. ஏறுகிறதே என்று மாட்டியவர்கள் சிலர் ஏழரைக் கம்ப்ரஷனில் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற விகிதம்) மூச்சு வாங்கும் எஞ்சினோடும், சிலர் பதினொன்றரைக் கம்ப்ரஷனில் எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் நாக் அடிக்கும் (கலவை தானாகவே வெடித்துத் தட்டும்) எஞ்சினோடும் நிற்கிறார்கள்.

எனவே முதலில் கையில் இருப்பது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு பிளாக்கையும் ஹெட்டையும் கணக்குப் போட்டுச் சேர்க்க வேண்டும். கொள்ளளவு எத்தனை லிட்டர் என்பது அதற்கப்புறம்தான்.

வெளித்தோற்றம் ஏமாற்றும்

இந்தக் குடும்பத்தின் அளவுகள் இவை. ஜப்பான் உள்நாட்டு ஃபேர்லேடி இசட்டில் வந்த எல்20ஏ: போர் (சிலிண்டரின் விட்டம்) 78, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 69.7 மிமீ, 1998 சிசி. எல்24: 83 × 73.7, 2393 சிசி. 1974-ன் 260இசட்டில் வந்த எல்26: 83 × 79, 2565 சிசி. 1975 முதல் 280இசட்டிலும், 1979 முதல் 1983 வரை 280இசட்எக்ஸிலும் வந்த எல்28: 86 × 79, 2753 சிசி. எல்26 என்பது எல்24-ன் போரும் எல்28-ன் ஸ்ட்ரோக்கும் சேர்ந்தது, அவ்வளவுதான். எல்24, எல்26, எல்28 மூன்றுக்கும் பிளாக் உயரம் ஒன்றே, 207.85 மிமீ. எஞ்சின் மவுண்ட் துளைகளும் கியர்பாக்ஸ் சேரும் போல்ட் அமைப்பும்கூட மாறவில்லை. அதனால்தான் 240இசட்டில் எல்28 எந்த வெல்டிங்கும் இல்லாமல் உட்காருகிறது. பானெட்டைத் திறந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாததும் அதனால்தான்.

(1969-ன் இசட்432-ல் வந்த எஸ்20 இந்தக் கணக்கில் சேராது. அது ஸ்கைலைன் ஜிடி-ஆரின் எஞ்சின்: இரட்டை கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), சிலிண்டருக்கு நான்கு வால்வு. 432 என்ற எண்ணே நான்கு வால்வு, மூன்று கார்புரேட்டர், இரண்டு கேம் என்பதன் சுருக்கம். அது கையில் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை, நல்ல பூட்டுதான் தேவை.)

மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பிளாக்கில் அடித்த எண். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் திசையில் எஞ்சினின் வலப்பக்கம், அதாவது ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கம். பின்கோடியில், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு தட்டையான விளிம்பு இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் எல்24, எல்26 அல்லது எல்28 என்றும், பக்கத்தில் வரிசை எண்ணும் தெரியும். 240இசட்டின் எஞ்சின் அறைத் தகட்டிலும் அந்த எஞ்சின் எண் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அது கார் பிறந்தபோதே இருந்த எஞ்சின். அந்த விளிம்பு கிரைண்டர் பட்டதுபோல் பளபளத்தால், விற்பவர் சொல்லும் எந்தக் கதையையும் நம்பாதீர்கள்.

இரண்டாவது, பிளாக்கின் வார்ப்புக் குறி. இது மேனிஃபோல்ட் (காற்றும் புகையும் போகும் குழாய்த் தொகுதி) பக்கம், அதாவது இடப்பக்கம். எல்28 என்றால் என்42 அல்லது எஃப்54 என்று எழும்பிய எழுத்தில் இருக்கும். என்42 முன்னால் வந்தது. எஃப்54 பின்னாளில் வந்தது. சிலிண்டர்களுக்கு நடுவே கூடுதல் இரும்பு விட்டு வார்த்தது. சாலையில் ஓட்டுவதற்கு இரண்டும் ஒன்றுதான். போரைப் பெரிதாக்கப் போகிறவர்களுக்கு மட்டும் எஃப்54 வேண்டும்.

மூன்றாவது, ஹெட்டின் வார்ப்புக் குறி. பிளக் பக்கத்தில் முதல் பிளக்குக்கு அருகே இருக்கும்: ஈ31, ஈ88, என்42, என்47, பி79, பி90. என்42 என்ற குறி பிளாக்கிலும் வரும், ஹெட்டிலும் வரும். "என்42 எஞ்சின்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

இந்த மூன்றையும் பார்த்த பிறகும் ஒன்று மறைந்தே இருக்கும், பிஸ்டன். 280இசட்டில் வந்தது தலையில் குழி உள்ள பிஸ்டன், குழியின் அளவு ஏறக்குறைய 10.9 சிசி. 1981 முதல் 1983 வரை டர்போ இல்லாத 280இசட்எக்ஸில் வந்தது தட்டைத் தலை. டர்போவில் மறுபடியும் குழி. ஆக எஃப்54 பிளாக் என்றதும் தட்டைப் பிஸ்டன் என்று எடுத்துக்கொள்ள முடியாது. டர்போ காரிலிருந்து இறக்கியதாகவும் இருக்கலாம். பிளக் துளை வழியாக ஒரு சிறு கேமரா விட்டுப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. ஹெட்டைக் கழற்றிய பிறகு தெரிந்துகொண்டால் பணம் ஏற்கெனவே கைமாறியிருக்கும்.

ஹெட்டுகள்

ஈ31: 1970, 71-ன் முதல் 240இசட்களில் வந்தது. எரியறை (ஹெட்டில் கலவை எரியும் குழி) 42.4 சிசி, இன்டேக் வால்வு 42 மிமீ, எக்ஸாஸ்ட் 33. எரியறை சிறியது என்பதால் ஒரு காலத்தில் பந்தயக்காரர்கள் இதைத் தேடித்தேடி வாங்கினார்கள். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை, விலையும் இறங்கவில்லை. அசல் தன்மைக்காக மட்டும் தேடுங்கள். வேகத்துக்காக வாங்க வேண்டிய அவசியம் இன்று இல்லை.

ஈ88: இங்கேதான் வழுக்கும். ஒரே குறி, எரியறை வேறு வேறு. ஆரம்ப 240இசட் ஈ88 ஏறக்குறைய 44.7 சிசி. 260இசட்டில் வந்த ஈ88 47.8 சிசி. குறியைப் பார்த்துக் கணக்குப் போட்டால் கம்ப்ரஷன் அரைப் புள்ளிக்கு மேல் தவறிவிடும்.

என்42: 280இசட்டின் ஹெட். 44.6 சிசி, வால்வு 44-க்கு 35 மிமீ. எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் வழி) சதுரம், உள்ளே லைனர் (உட்குழாய்) இல்லை. இன்ஜெக்டருக்கான வெட்டு போர்ட்டின் மேல்பக்கம் இருக்கும். பெரிய வால்வும் நடுத்தரமான எரியறையும் சேர்ந்திருப்பதால் பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

என்47: பிந்தைய 280இசட்டில் வந்தது. என்42-க்கு அண்ணன் தம்பி. எக்ஸாஸ்ட் போர்ட் மட்டும் வட்டம், உள்ளே எஃகு லைனர். லைனர் இருப்பதால் போர்ட்டைக் கடைந்து பெரிதாக்குவது வீண் வேலை. இதிலும் ஒரு பொறி உண்டு. டாட்சன் 810, மேக்ஸிமா கார்களின் எல்24ஈ எஞ்சினிலும் என்47 என்ற குறியுள்ள ஹெட் வந்தது. அதன் எரியறை 39 சிசி அளவுதான். பழைய இரும்புக் கடையில் "இசட் ஹெட்" என்று விற்பது இதுவாக இருக்கலாம்.

பி79, பி90: 280இசட்எக்ஸ் காலத்தவை. இரண்டுக்கும் எரியறை 53.6 சிசி, வால்வு 44-க்கு 35. பி79-ல் வட்ட போர்ட்டும் லைனரும். டர்போவில் வந்த பி90-ல் சதுர போர்ட், லைனர் இல்லை. பி90ஏ என்று இருந்தால் ஹைட்ராலிக் லிஃப்டர் (எண்ணெய் அழுத்தத்தில் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்வது). கேம் மாற்றும் எண்ணம் இருப்பவர்கள் அதைத் தவிர்க்கலாம். இந்த இரண்டின் எரியறை வடிவம் முந்தையவற்றைவிட நல்லது. பிஸ்டன் மேலே வரும்போது கலவையை நெருக்கிப் பிளக் பக்கம் தள்ளும் தட்டைப் பரப்பு இதில் அதிகம். நாக் அடிப்பது குறையும். ஆனால் கன அளவு பெரிது.

கணக்கு

இதைக் கடைக்காரரிடம் விடாமல் நீங்களே போடலாம். எல்28-ல் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 458.9 சிசி. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள 1.2 மிமீ கேஸ்கெட் சேர்க்கும் இடம் ஏறக்குறைய 7 சிசி. தட்டைப் பிஸ்டன் மேல்நிலையில் பிளாக்குக்கு மேலே அரை மிமீ எட்டிப் பார்க்கும். அதனால் 3 சிசி குறையும். ஆக எரியறையோடு 4 கூட்டினால் மொத்த மிச்ச இடம் வந்துவிடும்.

பி79 என்றால் 57.6. கொள்ளளவையும் இதையும் கூட்டி, இதனாலேயே வகுத்தால் 8.97. தொழிற்சாலை சொன்னது 8.8, கணக்கு நிஜத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதே பிளாக்கில் என்42 வைத்தால் 48.6, விகிதம் 10.4. ஈ31 வைத்தால் 10.9. 260இசட்டின் ஈ88 வைத்தால் 9.9. மேக்ஸிமாவின் என்47 வைத்தால் 11.7, சாலைக் காருக்கு ஆகாது. குழிப் பிஸ்டனுக்கு 10.9 கூட்டிக்கொள்ளுங்கள்: என்42-ஓடு 8.7 வரும், தொழிற்சாலை சொன்னது 8.3. பி90-ஓடு 7.7, டர்போ காரின் அதிகாரபூர்வ எண் 7.4. எல்லா இடத்திலும் கணக்கு கொஞ்சம் தூக்கலாகவே வருகிறது என்பதைக் கவனியுங்கள். முடிவெடுக்கும்போது கால் புள்ளி கழித்துக்கொண்டால் பரவாயில்லை.

புத்தக எண்ணை நம்பி ஆர்டர் போடாமல் ஹெட்டை அளந்துவிடுவது நல்லது. ஐம்பது வருட ஹெட் எத்தனை முறை ஃபேசிங் ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. முதலில் உயரம்: புதிய ஹெட் 108 மிமீ. 107.5 இருந்தால் யாரோ சீவியிருக்கிறார்கள். பிறகு கன அளவு: வால்வுகளும் பிளக்கும் மாட்டியபடி ஹெட்டைத் தலைகீழாக வைத்து, எரியறையின் ஓரத்தில் மெல்லிய கிரீஸ் பூசி, ஒரு சிறு துளை போட்ட அக்ரிலிக் தகட்டை அழுத்தி மூடுங்கள். ஹெட்டைக் கொஞ்சம் சாய்த்துத் துளையை மேட்டுப் பக்கம் வைத்தால் காற்றுக்குமிழ் தங்காது. ஆய்வகக் கண்ணாடி பியூரெட்டில் நிறம் கலந்த ஸ்பிரிட் ஊற்றி, துளை வழியாக நிரம்பும் வரை விட்டு அளவைக் குறியுங்கள். ஆறு அறைகளையும் அளக்க வேண்டும். ஒன்றுக்கொன்று ஒரு சிசிக்குமேல் வித்தியாசம் என்றால் வால்வு இருக்கையை யாரோ ஆழமாக வெட்டியிருக்கிறார்கள்.

எந்த விகிதம் வரை போகலாம் என்பதை உங்கள் ஊர்ப் பெட்ரோல்தான் தீர்மானிக்கும். அமெரிக்க பம்ப்பில் எழுதியிருக்கும் 91 என்பது மற்ற நாடுகளின் 95-க்கு ஏறக்குறையச் சமம். எண் முறை வேறு. 95 மட்டுமே கிடைக்கும் இடத்தில் 9.5-ஐத் தாண்டாமல் இருப்பது நிம்மதி. 98 கிடைத்தால் என்42 சேர்க்கையின் 10.4 ஓடும், அதற்கும் டைமிங்கைக் கையோடு சரிபார்க்க வேண்டும். மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி விழும் கோணம்) 34 டிகிரிக்குள் நின்றால் பயமில்லை. என்42-ன் திறந்த எரியறை கோடை வெயில் நெரிசலில், மேட்டில், மூன்றாவது கியரில் முதலில் முனகும்.

பிளாக்கைத் தேர்ந்தெடுப்பது

அசல் எண் ஒத்த எல்24 கையில் இருந்தால் அதைத் தொடாதீர்கள் என்பதல்ல. கழற்றி எண்ணெய் பூசி, துணி சுற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு வேறு எஞ்சினில் ஓட்டலாம். காரை விற்கும்போது அது கூடவே போக வேண்டும். அந்த பிளாக்கை 1 மிமீ போரிங் போட்டு ஓட்டினாலும் தவறில்லை. 240இசட்டுக்கு 151 குதிரைத்திறன் என்று விளம்பரப்படுத்திய பழைய எண் துணைக்கருவிகள் இல்லாமல் அளந்தது. 280இசட்டின் 149 காரில் இருக்கிறபடி அளந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து "ரெண்டும் ஒண்ணுதானே" என்று சொல்பவர்களை விட்டுவிடுங்கள். எல்28-ன் வித்தியாசம் கீழ் வேகத்தில் தெரியும், 2000 ஆர்பிஎம்மில் நான்காவது கியரில் மிதித்தால். எல்24 மேலே சுழலும்போது இனிமை. அது ரசனை சார்ந்தது.

எல்26 தேடிப்போய் வாங்க வேண்டிய ஒன்று அல்ல. காரோடு வந்தால் ஓட்டுங்கள்.

280இசட்டிலிருந்து வரும் முழு எல்28, அதாவது என்42 பிளாக், குழிப் பிஸ்டன், என்42 ஹெட், கார்புரேட்டரில் ஓட்டுவதற்கு மிக எளிமையான வழி. 8.3 கம்ப்ரஷன், எந்தப் பெட்ரோலும் ஏற்கும். எதையும் பிரிக்காமல் அப்படியே மாட்டலாம் என்பதே இதன் பெருமை.

ஆனால் நல்ல நிலையில் தட்டைப் பிஸ்டன் எஃப்54 ஒன்று கிடைத்தால், சாலைக் காருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. பி79 ஹெட்டோடு வந்தபடியே மாட்டினால் 8.8, கவலையே இல்லாத எஞ்சின். பிற்பாடு ஆசை வந்தால் என்42 ஹெட்டை வைத்து ஒன்றரைப் புள்ளி ஏற்றலாம். வெயில் நாட்டில், நெரிசலில் ஓட்டுபவருக்கு 260இசட்டின் ஈ88 நடுவழி: 9.9 என்று கணக்கு சொல்லும், நிஜத்தில் 9.6 அளவு. வால்வு சிறிது என்பதால் 5500-க்கு மேல் மூச்சு குறையும். அங்கே யார் தினமும் போகிறார்கள்?

பி90-ஐச் சீவிப் பயன்படுத்தும் வழி ஒன்று உண்டு. எரியறை வடிவம் நல்லது என்பதால், ஹெட்டை 2 மிமீ சீவி விகிதத்தைப் பத்துக்கு அருகே கொண்டுவருவார்கள். பலன் நிஜம், வேலையும் நிஜம். ஹெட் தாழ்ந்தால் கேம் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நெருங்கும், இரண்டையும் இணைக்கும் செயின் தொங்கும். அதனால் கேம் டவர்களுக்கு அடியில் அதே 2 மிமீ தகடு வைக்க வேண்டும். டவர் உயர்ந்ததும் கேம் வால்விலிருந்து விலகிவிடும். அதை ஈடுகட்ட அதே அளவு தடித்த லேஷ் பேட் (வால்வு முனைக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே வைக்கும் வில்லை) வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் ராக்கர் கேம் முகட்டின் ஓரத்தைத் தேய்க்கும். எல் எஞ்சின் தெரிந்த கடை பக்கத்தில் இல்லையென்றால் இந்த வழிக்குப் போகாதீர்கள்.

எல்28 டர்போவை அப்படியே இறக்கலாம்: 1981 முதல் 83 வரை, எஃப்54 பிளாக், பி90 ஹெட், காரெட் டி3 டர்போ, 180 குதிரைத்திறன். எஞ்சின் மாட்டுவது சுலபம், மற்றதெல்லாம் வேலை. மின் இன்ஜெக்ஷனுக்கு உயர் அழுத்தப் பம்ப் வேண்டும். 240இசட்டின் டேங்க்குக்குள் அதற்கான தடுப்பு இல்லை. கால் டேங்க்கில் வளைவு திரும்பினால் பம்ப் காற்றை உறிஞ்சும், பூஸ்ட் (டர்போவின் அழுத்தம்) ஏறிய நேரத்தில் அது நடந்தால் பிஸ்டன் போய்விடும். எனவே சிறு இடைத் தொட்டி ஒன்று கட்டாயம். 81-க்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் கிராங்க் கோண உணரி இருக்கும் இடம் வேறு: 81-ல் கிராங்க் புல்லியில், 82, 83-ல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்). எஞ்சினும் வயரிங்கும் ஒரே காரிலிருந்து வரவில்லையென்றால் ஸ்டார்ட் ஆகாது. பழைய ஆர்180 டிஃபரன்ஷியலுக்குப் பதில் அதைவிட வலுவான ஆர்200-க்கும் பணம் ஒதுக்குங்கள்.

எல்28-ஐ 3.1 லிட்டராக்குவது பற்றிக் கேட்காதவர் இல்லை. டீசல் எல்டி28-ன் 83 மிமீ ஸ்ட்ரோக் கிராங்க், எல்24-ன் 133 மிமீ கனெக்டிங் ராடு, கேஏ24ஈ எஞ்சினின் 89 மிமீ பிஸ்டன், எஃப்54 பிளாக். கூட்டினால் 3098 சிசி. உயரக் கணக்கும் சரியாக வரும்: ஸ்ட்ரோக்கில் பாதி 41.5, ராடு 133, பிஸ்டன் பின் உயரம் 34, ஆக 208.5. பிளாக்குக்கு மேல் 0.65 மிமீ எட்டும், 1.2 கேஸ்கெட் இருந்தால் இடம் உண்டு. ஆனால் 89 மிமீ போரிங்குக்கு முன்னால் ஒவ்வொரு சிலிண்டர் சுவரையும் அல்ட்ராசானிக் கருவியில் அளக்காமல் போரிங் மெஷினில் ஏற்றக்கூடாது. வார்க்கும்போது மையம் நகர்ந்த பிளாக்குகள் உண்டு. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் காகிதமாகவும் இருக்கும்.

நிஸ்ஸானின் பிந்தைய ஆர்பி25, ஆர்பி26 எஞ்சின் போடுவது வேறு உலகம். மவுண்ட், சம்ப் (எஞ்சினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி), வயரிங், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் புதிது. நல்ல கார் கிடைக்கும், 240இசட் கிடைக்காது.

மாட்டும்போது கெடுபவை

முதலிடம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு. ஹெட்டைக் கழற்ற கேம் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) எடுத்ததும் செயின் தளர்ந்து, கீழே டென்ஷனரின் பிஸ்டன் வெளியே தெறித்து விழும். விழுந்தால் முன்பக்க மூடி முழுவதையும் பிரிக்க வேண்டும். அதற்கு சம்பையும் இறக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட்டைத் தொடுவதற்கு முன்பே நீளமான மர ஆப்பு ஒன்றைச் செயினின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே இறுக்கமாக இறக்குங்கள். ஆப்பில் கயிறு கட்டி வெளியே விடுங்கள், எடுக்கும்போது தெரியும்.

திரும்ப மாட்டும்போது ஸ்ப்ராக்கெட்டில் 1, 2, 3 என்று மூன்று துளைகள் இருக்கும். செயின் நீண்டிருந்தாலோ ஹெட் சீவப்பட்டிருந்தாலோ 1-ல் கேம் பின்தங்கும். மேல்நிலையில் ஸ்ப்ராக்கெட்டின் வெட்டும் பின் தகட்டின் கோடும் எங்கே நிற்கின்றன என்று பார்த்து 2-க்கோ 3-க்கோ நகர்த்துங்கள்.

கேமுக்கு எண்ணெய் வரும் வழி இரண்டு. பழைய ஹெட்டில் மேலே ஒரு குழாய் தெளிக்கும். பின்னாளில் கேமுக்குள்ளேயே துளை. துளையில்லாத கேமைத் தெளிகுழாய் இல்லாத ஹெட்டில் மாட்டினால் சில மணி நேரத்தில் முகடுகள் மொட்டையாகிவிடும். ஹெட்டைத் தனியாக வாங்கும்போது இதுதான் அடிக்கடி விட்டுப்போகிறது. தெளிகுழாயின் இணைப்புகள் காலப்போக்கில் ஆடும். ஆடினால் பற்றவைக்க வேண்டும்.

எல்24 பிளாக்கில் 44 மிமீ வால்வுள்ள ஹெட் வைப்பவர்கள் வால்வு சிலிண்டர் விளிம்பில் இடிக்கிறதா என்று பார்க்காமல் சுழற்றக்கூடாது. போர் 83 மட்டுமே. பல பிளாக்குகளில் விளிம்பில் புருவம் போல் வெட்ட வேண்டியிருக்கும். பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, கேஸ்கெட்டோடு ஹெட்டை இறக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றினால் இடைவெளி தெரியும். கையில் தடங்கல் பட்டால் நிறுத்திவிடுங்கள்.

ஆயில் பம்ப் கழற்றினால் டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் தண்டும் இறங்கிவிடும். முதல் சிலிண்டர் மேல்நிலையில் இருக்க, மேலே தெரியும் நாக்கு 11 மணி 25 நிமிடத்து முள் நிலையில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனால் டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் டைமிங் வராது.

எரிபொருள் பக்கம்: கார்புரேட்டருக்கு 3.5 பிஎஸ்ஐ போதும். இன்ஜெக்ஷன் பம்ப் பத்து மடங்கு தள்ளும். அதை 240இசட்டின் எஸ்யூ கார்புரேட்டரில் இணைத்தால் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் வழியும், மேனிஃபோல்டுக்கு மேல். இயந்திரப் பம்ப் வைக்க வேண்டும் என்றால் கேமின் முனையில் அதற்கான எக்சென்ட்ரிக் (பம்ப்பைத் தள்ளும் மையம் விலகிய சக்கரம்) இருக்கிறதா, ஹெட்டில் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 240இசட்டின் எஸ்யூக்களையே எல்28-ல் வைத்தால் பழைய ஊசிகள் கலவையை மெலிதாக்கும். எஸ்எம் என்ற ஊசி பொருந்தும். நாசிலை முழுக்க ஏற்றிவிட்டு இரண்டரைச் சுற்று இறக்கித் தொடங்குங்கள்.

எக்ஸாஸ்ட்: சதுர போர்ட் ஹெட்டில் வட்ட ஹெடரை (புகைக்குழாய்த் தொகுதி) மாட்டினால் மூலைகளில் கேஸ்கெட் எரியும். வட்ட ஹெட்டில் சதுர ஹெடர் சமாளிக்கும்.

கிளட்ச் விடவில்லை என்றால் கியர்பாக்ஸைத் திட்டாதீர்கள். ரிலீஸ் பேரிங்கின் காலர் பல உயரங்களில் வந்தது. அது பிரஷர் பிளேட்டோடு ஜோடி, கியர்பாக்ஸோடு அல்ல. 225 மிமீ கிளட்சின் காலரை 240 மிமீ பிளேட்டோடு வைத்தாலோ மாற்றி வைத்தாலோ, பெடல் தரையைத் தொட்டாலும் கிளட்ச் விடாது, அல்லது எப்போதும் வழுக்கும். எஞ்சினோடு வந்த பிளேட்டைப் பயன்படுத்தினால் அதன் காலரையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஹெட் போல்ட் 10 மிமீ ஆலன் தலை. தலைக்குள் தேங்கிய கரியைச் சுரண்டி எடுக்காமல் கீயைச் செருகினால் முனை உருண்டுவிடும். நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையில், 54 முதல் 61 அடி-பவுண்டு. வால்வு இடைவெளி சூட்டில் இன்டேக் 0.25 மிமீ, எக்ஸாஸ்ட் 0.30, ஆறிய நிலையில் 0.20, 0.25. முதல் சூடேற்றலுக்குப் பிறகு திரும்பப் பார்த்தே ஆக வேண்டும்.

வாங்குமிடத்தில்

காரில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் என்றால் சூடாக்கி, பிளக் ஆறையும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து கம்ப்ரஷன் பாருங்கள். குறைந்த சிலிண்டர், உயர்ந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் இறங்கியிருந்தால் கேஸ்கெட். ஒன்று மட்டும் என்றால் வால்வோ ரிங்கோ. சிறிது எண்ணெய் விட்டுப் பார்த்தால் எதுவென்று தெரியும்.

தரையில் கிடக்கும் எஞ்சின் என்றால் வால்வு கவரைத் திறக்கச் சொல்லுங்கள். கேம் முகடுகளை விரல் நகத்தால் வருடுங்கள். குழி, கோடு, மங்கல் இருக்கக்கூடாது. ராக்கர்களை எடுத்துவிட்டு கேமைக் கையால் சுழற்றுங்கள். நல்ல ஹெட்டில் தடையில்லாமல் சுழலும். ஓரிடத்தில் இறுகினால் ஹெட் சூட்டில் வளைந்திருக்கிறது. அடிப்பக்கத்தை ஃபேசிங் போட்டுச் சமமாக்கினாலும் மேலே கேம் டவர்கள் ஒரே கோட்டில் வராது. முதலில் நிமிர்த்த வேண்டும், அது எல்லாக் கடைக்கும் தெரிந்த வேலை அல்ல. டவர்கள் அந்த ஹெட்டோடு சேர்த்துத் துளையிட்டவை என்பதால் வேறு ஹெட்டின் டவரை வாங்கி மாட்டவும் முடியாது. அடுத்த ஹெட்டைப் பார்க்கப் போகலாம்.